மீனுக்கு முன் தண்ணீர்

உட்காருங்கள் தம்பி, டீ வருகிறது. கூடத்தில் டிவிக்குப் பக்கத்துச் சுவர் காலியாக இருக்கிறது, அங்கே நாலடியில் ஒரு மீன் தொட்டி வைத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் தொட்டி, ஃபில்டர், கல், மீன் எல்லாம் ஒரே நடையில் வாங்கி வந்துவிடுவதாகத் திட்டம். நல்ல ஆசைதான். அந்த ‘ஒரே நடையில்’ என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். தொட்டி வந்து இறங்குவதற்கும் முதல் மீன் உள்ளே போவதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம் இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே மீன்கள் வரிசையாகச் சாவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளி இல்லாததே காரணம். ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், பெரிய தொட்டி வேண்டும் என்று நினைத்ததே சரியான தொடக்கம். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று பலர் நம்புகிறார்கள், உண்மை நேர்மாறு. 20 லிட்டர் தண்ணீரில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலோ, குழந்தை ஒரு பிடி தீனி கூடுதலாகக் கொட்டினாலோ, சாயங்காலத்துக்குள் தண்ணீர் விஷமாகிவிடும். 300 லிட்டரில் அதே தவறு நடந்தால் நீங்கள் கவனித்துச் சரிசெய்ய ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். நம் ஊர் மே மாத வெயிலிலும் அதிகத் தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். மீனுக்குச் சூட்டைவிட, சூடு சட்டென்று மாறுவதுதான் அதிகத் தொல்லை.

இனி அளவு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். அகலத்தையும் உயரத்தையும் இடம் மாற்றிப் போடுங்கள்: நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டும் 12 கன அடிதான். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் இரண்டும் 340 லிட்டர்தான். ஆனால் உயரமான தொட்டியில் தண்ணீரின் மேற்பரப்பு 6 சதுர அடி, அகலமானதில் 8 சதுர அடி. ஆக்சிஜன் உள்ளே போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். அதோடு, மீன் நீந்துவது நீளவாட்டில், திரும்புவது அகலவாட்டில். ஓரடி வளரும் மீனுக்கு ஒன்றரை அடி அகலம் என்றால் திரும்பும்போதெல்லாம் கண்ணாடியை உரசும்.

கண்ணாடிக்கும் இதுவே நல்லது. தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நாலடி நீள முன் கண்ணாடியில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் அந்தத் தள்ளல் சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். இரண்டடி நின்றால் சுமார் 225 கிலோ. உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. விசை முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அதனால்தான் உயரம் ஏற ஏறக் கண்ணாடியின் கனமும் விலையும் அப்படித் தாவுகின்றன. இந்த ஒன்றரை அடி உயரத்துக்கு 10 மில்லிமீட்டர் கண்ணாடியும், மேல் விளிம்பைச் சுற்றி ஒட்டிய கண்ணாடிப் பட்டைகளும் போதும். இன்னொரு நன்மை தினசரி வாழ்க்கையில் தெரியும்: ஒன்றரை அடி என்றால் கையை விட்டு அடியில் கிடக்கும் கல்லைத் தொடலாம். இரண்டரை அடித் தொட்டி வைத்தவர்கள் ஸ்டூல் போட்டு ஏறி, தோள்வரை நனைந்துதான் ஒரு செடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் அது அலுத்துப்போகும். அலுத்துப்போனால் சுத்தம் செய்வது நின்றுவிடும்.

இப்போது எடை. இதில் விளையாட்டு வேண்டாம். தண்ணீரை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தினால் 300 லிட்டர், அதாவது 300 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. இந்தத் தொட்டிக்கு ஏறத்தாழ 60 கிலோ. அடியில் இரண்டு அங்குலம் சரளை பரப்பினால் இன்னொரு 55, 60 கிலோ. பாறை, ஸ்டாண்டு, ஃபில்டர் எல்லாம் சேர்த்தால் 500 கிலோவைத் தொட்டுவிடும். எட்டுப் பேர் நாலடிக்கு இரண்டடி இடத்தில் நெருக்கியடித்து, இரவு பகலாக, வருடக்கணக்கில் நகராமல் நிற்பது மாதிரி. வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும் கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அது தளம் முழுவதும் பரவிய பாரத்துக்கான கணக்கு என்பதால், ஓர் இடத்தில் இதைவிடக் கூடினால் உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். கூடத்தின் நடுவில், தளத்தின் நட்ட நடுவில் வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் வேண்டவே வேண்டாம். நீங்கள் இருப்பது முதல் மாடி; கட்டடம் எத்தனை வருடத்தது, பீம் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளரைக் கூட்டி வந்துவிடுங்கள். மரக்கட்டை குறுக்கே போட்டுச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடியாக இருந்தால், இந்த அளவுத் தொட்டியைத் தரைத்தளத்தில் மட்டும்தான் வைக்கச் சொல்வேன்.

ஸ்டாண்டு இரும்புக் குழாயில் வெல்டிங் செய்ததாக இருக்கட்டும். அதன் மேல் முக்கால் அங்குல பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல் தாள், அதன் மேல் தொட்டி. தெர்மோகோல் சின்ன மேடு பள்ளத்தை விழுங்கிக்கொள்ளும்; ஸ்டாண்டே கோணலாக இருந்தால் அதைச் சரிசெய்யாது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றியபின் ஒரு பக்கம் அரை அங்குலம் ஏறித் தெரிந்தால், அந்தச் சாய்வு நாள் முழுக்க ஒரு மூலையின் சிலிக்கான் ஒட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தொட்டியை வாங்கும்போது மூலைகளில் ஒட்டு சீராக இருக்கிறதா, உள்ளே காற்றுக் குமிழி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மாடிக்கு ஏற்றுவதற்கு முன், சமதளத்தில் தெர்மோகோல் விரித்து வைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். கசிவதானால் அங்கேயே கசியட்டும்.

வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடித்துவிடும். குளியலறைக் குழாயும் பிளக் பாயின்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாராவாரம் வாளி தூக்கப்போவது நீங்கள்தான். பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரும் முதலில் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் தானாக நின்றுவிடும் ஆர்சிசிபி அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொரு டீ சொல்லட்டுமா? இனிமேல்தான் முக்கியமான பகுதி.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எது? சென்னை அடுக்குமாடிகளில் இதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை. மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரி தண்ணீர் மூன்றும் கீழே ஒரே சம்பில் கலந்து மேலே ஏறுகின்றன. கலவை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை அரிக்கும். நாம் வளர்க்கப்போகும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து விட்டால் போதும். அல்லது டிரம்மில் பிடித்து ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் பறந்துவிடும். போர் தண்ணீரில் குளோரின் பிரச்சினை இல்லை; உப்பும் கடினத்தன்மையும் பிரச்சினை. அதில் ஆக்சிஜனும் குறைவாக இருக்கும் என்பதால் அதையும் ஓர் இரவு காற்று விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது காட்டும். கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று அறியக் கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் கிட் இருக்கிறது, பிஎச்சுக்கும் இருக்கிறது. ஒரு மாதம் வாரம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த மீன் வாங்கலாம் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும், கடைக்காரரால் சொல்ல முடியாது.

அடுத்தது, மீன் விடும் முன் காத்திருக்கச் சொன்ன அந்த ஒரு மாதம். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாகவே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். ஆற்றில் அது ஓடிப்போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? மீனைச் சுற்றியே நிற்கும். அதைத் தீர்க்க இரண்டு வகை பாக்டீரியாக்கள் வேண்டும். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். செடிக்கு அது உரம்.

1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் கண்ணாடித் தொட்டியில் தங்க மீனையும் வாலிஸ்னேரியா செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்து, தண்ணீர் கெடாமல் நிற்பதைக் காட்டினார். செடி ஆக்சிஜன் தருகிறது, நத்தை அழுகலைத் தின்கிறது என்று விளக்கினார். அவர் சொன்னது சரி. ஆனால் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் விடுபட்டிருந்தது. அந்த பாக்டீரியாக்களை செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் பிரித்தெடுத்துக் காட்ட 1890 வரை ஆயிற்று. இன்றைக்கும் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலரின் கணக்கில் அந்த ஆள் விடுபட்டுத்தான் இருக்கிறார்.

இந்த பாக்டீரியாக்கள் கடையில் வாங்கி வந்த கண்ணாடியில் இருக்காது. ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் மெல்ல ஒட்டிப் பெருக வேண்டும். சாதாரணக் கிருமிகள் அரைமணியில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு ஒரு நாள் அளவுக்கு ஆகும். அதனால் செய்ய வேண்டியது இது: தொட்டியை நிரப்புங்கள், குளோரினை நீக்குங்கள், ஃபில்டரை ஓடவிடுங்கள், மீன் இருப்பதாகவே நினைத்துத் தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அந்தத் தீனி அழுகி அமோனியா வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். முதல் வாரம் அமோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியும். தீனி விழுந்துகொண்டே இருந்தும் அமோனியா, நைட்ரைட் இரண்டும் நாள் தவறாமல் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். குளிர் நாடுகளில் ஆறு வாரம் என்பார்கள். நம் சூட்டில் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் முடியும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் போடுங்கள். நாள் நன்றாகக் குறையும். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கிறதே, மீன் விடலாமே என்று மூன்றாம் நாள் வீட்டில் கேட்பார்கள். அமோனியாவுக்கு நிறம் கிடையாது என்று சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை. அமோனியாவின் விஷப் பகுதி பிஎச் கூடக் கூட, சூடு கூடக் கூட ஏறும். பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் அது ஏறத்தாழ பத்து மடங்கு. போர் தண்ணீர் பிஎச் 8இல் நிற்கும் வீட்டில், மே மாதம், அவசரமாக மீன் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த அளவுக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் நல்லது. இடமும் ஆளும் இருந்தால் தொட்டிக்குக் கீழே வைக்கும் சம்ப் ஃபில்டர் இன்னும் நல்லது. மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல் ஐந்து மடங்கு ஓட வேண்டும், அதாவது 1,500 லிட்டர். பெட்டியில் போட்டிருப்பது காலி ஃபில்டரின் வேகம் என்பதால் ஒரு படி கூடுதலாகவே வாங்குங்கள். இரவில் கரண்டு மிச்சம் பிடிக்க நிறுத்தாதீர்கள். 30 வாட் மோட்டார் 24 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 22 யூனிட்தான். நிறுத்தினால் உள்ளே தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியா சாகும். கரண்டு போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பஞ்சைக் கழுவும்போது குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

விளக்கு எட்டு மணி நேரம் போதும். சென்னையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது, கோடையில்தான் வேலை. தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் போனால் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஊற்றி ஈடுசெய்யுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது மீன். நோட்டில் கடினமான தண்ணீர், பிஎச் 8 என்று இருந்தால் அதை மாற்றப் போராடாதீர்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி அப்படிப்பட்ட தண்ணீர்தான்; அங்கிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கு உங்கள் போர் தண்ணீர் சொந்த ஊர். மஞ்சளும் நீலமுமாக இருக்கும், கடல் மீன் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாறைகளைப் பொந்து பொந்தாக அடுக்கிக் கொடுத்தால் நாள் முழுக்க அதற்குள் ஓடியாடும். அவை ஒன்றையொன்று விரட்டுகிறவை, சாதுவான மீன்களோடு சேர்க்கக் கூடாது. சாதுவாக வேண்டும் என்றால் மோலி, கப்பி, ரெயின்போ மீன்கள். மென்மையான தண்ணீர் கிடைத்தால், அல்லது ஆர்.ஓ. தண்ணீரை அளவாகக் கலக்கும் பொறுமை இருந்தால், ஏஞ்சலும் டெட்ரா கூட்டமும் செடிகளுமாக வைக்கலாம். ஏஞ்சலோடு குட்டி நியான் டெட்ராவை விட வேண்டாம். வளர்ந்தபின் ஏஞ்சல் அதைத் தின்றுவிடும். டிஸ்கஸ் முதல் தொட்டிக்கு வேண்டாம்.

மிஸ் கேரளா என்று ஒரு மீன் காட்டுவார்கள், சிவப்புக் கோடு போட்டது, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு மட்டுமே உரியது. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிறந்தது, நம் கோடைச் சூட்டில் துன்பப்படும். ஆற்றில் பிடித்துப் பிடித்தே அருகிவிட்டது. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையில் உள்ளதாகச் சேர்த்திருக்கிறார்கள். பண்ணையில் பொரித்ததுதானா என்று உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள்.

கடைத் தொட்டியில் எல்லா மீனும் இரண்டு அங்குலம்தான். ஆஸ்கார் ஓரடி ஆகும். பாலா ஷார்க்கும் ஓரடி, அதுவும் கூட்டமாக இருக்க விரும்பும். சில்வர் அரோவானா மூன்றடியை நெருங்கும். மூடி இல்லாவிட்டால் தாவி வெளியே விழும். ரெட் டெயில் கேட்ஃபிஷ் மூன்றடியையும் தாண்டும். இவற்றில் ஆஸ்கார் ஜோடி ஒன்றைத் தவிர எதுவும் உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது. ‘குட்டிதானே, வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். வாங்கும் முன் முழு வளர்ச்சி எவ்வளவு என்று கேட்டு, அதன் நீளத்தைத் தொட்டியின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். ஐந்தாறு மீன், இரண்டு வாரம், மறுபடி ஐந்தாறு. பாக்டீரியா அதற்கேற்பப் பெருக அந்த நேரம் வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை கால்வாசி தண்ணீர், சுமார் 75 லிட்டர், 15 லிட்டர் வாளியில் ஐந்து. சைஃபன் குழாயால் சரளைக்குள் படிந்த அழுக்கோடு உறிஞ்சி எடுத்து, மாடித் தோட்டத்துக்கு ஊற்றுங்கள். வாரா வாரம் இந்த அரைமணி நேரத்தைத் தர முடியாது என்று இப்போதே தோன்றினால், தொட்டியே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஓரடியைத் தாண்டி வளரும், தான் தின்னும் பாசியைவிட அதிகமாகக் கழிவு போடும், கடைசியில் வைத்துக்கொள்ள முடியாமல் யாரோ ஏரியில் விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட மீன்கள்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்து, நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எந்த மீனாக இருந்தாலும் வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ கிணற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். வாங்கிய கடைக்கே எடுத்துப் போங்கள், காசு கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.